முதலில் அறிய வேண்டியவர் யார்?

காத்திருத்தல் எம்மவர்க்குப் புதிய அனுபவம் அன்று. அகதி விண்ணப்பத்தின் முடிவுக்காகக் காத்திருந்தோம். ஊரில் விட்டுவந்த மனைவி மக்களை அழைப்பதற்கான அனுமதிக்காகக் காத்திருந்தோம். பாதை திறக்கும்வரை, கடிதம் வரும்வரை, காணாமற் போனவரைப் பற்றி யாராவது ஒரு சொல் சொல்லும்வரை காத்திருந்தோம். சிலர் இன்னமும் காத்திருக்கின்றனர். 1980களின் நடுப்பகுதியில் இளைஞர்களாக டென்மார்க்கில் வந்திறங்கிய தலைமுறை இப்பொழுது அறுபது வயதையும் எழுபது வயதையும் எட்டிவிட்டது. டோஸ்ட்ருப்பிலும் ஹேர்னிங்கிலும் ஆர்ஹூசிலும் வாழும் எமது குடும்பங்களுக்குள் வேறொரு காத்திருப்பு வந்து சேர்ந்துள்ளது. உடலிலிருந்து சிறு துண்டு இழையம் எடுக்கப்பட்டுப் பரிசோதனைக்கு அனுப்பப்படும் நாளுக்கும், புற்றுநோயா அல்லவா என்று வைத்தியர் சொல்லும் நாளுக்கும் இடைப்பட்ட காத்திருப்பு அது.

இந்நாட்களை எவ்வாறு கடப்பது என்பது பற்றி எம்மிடையே வெளிப்படையாகப் பேசப்படுவதில்லை. கோயில் வீதியிலும் கலைவிழா மண்டபத்திலும் அரசியல் பேசுகிறோம், பிள்ளைகளின் படிப்பைப் பேசுகிறோம், வீட்டு விலையைப் பேசுகிறோம். இதைப் பேசுவதில்லை. ஆகவே ஒவ்வொரு குடும்பமும் தனக்குத் தோன்றிய வழியில், தனித்து நின்று இதனைச் சமாளிக்கின்றது. பெரும்பாலும் தோன்றும் வழி ஒன்றுதான்: நோயாளிக்குத் தெரியாமற் பார்த்துக்கொள்வது. இவ்வழி தவறானது என்பதே எமது கருத்து. முடிவை முதலில் அறிய வேண்டியவர் எவருடைய உடலிலிருந்து இழையம் எடுக்கப்பட்டதோ அவரே. காத்திருக்கும் நாட்களும் அவருக்கே முதலில் உரியவை. இதனை ஏற்றுக்கொண்டால் மற்றையவற்றை ஒழுங்கு செய்துகொள்ளலாம்.

எமது வீடுகளில் நடப்பதைச் சற்று நோக்குவோம். தாய்க்குப் பரிசோதனை. மகனுக்கோ மகளுக்கோ டெனிஷ் மொழி நன்கு தெரியும். வைத்தியர் சொல்வதைப் பிள்ளை கேட்கிறது. கேட்டதிற் பாதியைத் தமிழிற் சொல்கிறது. “ஒண்டுமில்லையாம் அம்மா, சும்மா பாக்கினமாம்” என்கிறது. வீட்டுக்கு வந்ததும் தந்தை பிள்ளையைக் குசினிக்குள் அழைத்துத் தாழ்ந்த குரலில் விசாரிக்கிறார். பின்னர் ரொறன்ரோவிலிருந்து மாமா தொலைபேசி எடுக்கிறார். இலண்டனிலிருந்து சித்தி எடுக்கிறார். யாழ்ப்பாணத்திலிருந்து பெரியம்மா எடுக்கிறார். எல்லோரும் ஒரே புத்திமதியைத்தான் சொல்கின்றனர்: “அவவுக்குச் சொல்லாதேங்கோ, தாங்கமாட்டா.” மூன்று கண்டங்களில் உள்ளவர்களுக்குத் தெரிந்துவிட்ட செய்தி, வரவேற்பறையில் அமர்ந்திருக்கும் அந்தப் பெண்ணுக்கு மட்டும் தெரியாது என்று எல்லோரும் நம்புகிறார்கள்.

அவருக்குத் தெரியும் என்பதே உண்மை. தம் உடலில் ஊசி ஏற்றி இழையம் எடுத்ததை அவர் அறிவார். தாம் உள்ளே வரும்போது பேச்சு நின்றுவிடுவதைக் காண்கிறார். மகள் கண் சிவந்திருப்பதைக் காண்கிறார். அவரும் தம் அச்சத்தை மறைத்துக்கொள்கிறார், பிள்ளைகள் தாங்கமாட்டார்கள் என்று. இவ்வாறு ஒரே கூரையின் கீழ் இருக்கும் எல்லோரும் ஒரே விடயத்துக்காக அஞ்சிக்கொண்டு, ஒருவரிடம் ஒருவர் அதைச் சொல்லாதிருக்கின்றனர். கூடியிருக்க வேண்டிய நாட்களில் ஒவ்வொருவரும் தனியராகின்றனர்.

இவ்வழக்கம் கொடுமனத்தால் வந்ததன்று. அதற்கு எமது ஊரின் வரலாற்றில் காரணம் உண்டு. யாழ்ப்பாணத்தில் ஒருவருக்குப் புற்றுநோய் என்று ஐயம் எழுந்தால் அவர் கொழும்புக்கு அருகிலுள்ள மகரகம வைத்தியசாலைக்குப் போக வேண்டியிருந்த காலம் நெடியது. யுத்த காலத்தில் அந்தப் பயணம் எத்தகையது என்பதை வாசகர்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை. பாதை மூடியிருந்தது, அனுமதி வேண்டியிருந்தது, பணம் வேண்டியிருந்தது. போய்ச் சேர்ந்தவர்களிற் பலர் நோய் முற்றிய நிலையிலேயே போய்ச் சேர்ந்தனர். 2011ஆம் ஆண்டில் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை நடந்து நிதி திரட்டியோரின் முயற்சியின் பயனாகவே தெல்லிப்பழையில் புற்றுநோய் வைத்தியசாலை எழுந்தது. அதற்கு முந்திய தலைமுறைக்குப் புற்றுநோய் என்ற சொல்லும் மரணம் என்ற சொல்லும் ஒன்றாகவே கேட்டன. நோயின் பெயரைக்கூடச் சொல்லாமல் “அந்த வருத்தம்” என்று சொல்லிப் பழகினோம். செய்வதற்கு ஒன்றும் இல்லாதபோது சொல்லாதிருப்பது கருணை என்று அன்று கருதப்பட்டதில் வியப்பில்லை.

தமிழகத்திலும் இதே நிலைதான் இருந்தது. தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த வைத்தியர் முத்துலட்சுமி ரெட்டி, பல்லாண்டு போராடி 1954இல் சென்னை அடையாற்றில் புற்றுநோய் நிலையத்தை 12 படுக்கைகளுடன் தொடங்கினார். 2021இல் காலமாகும்வரை அந்நிலையத்தோடு வாழ்ந்த வைத்தியர் சாந்தா, நோயோடு மட்டுமன்றி நோயைப் பற்றிய அச்சத்தோடும் போராட வேண்டியிருந்தது. வேளைக்கு வந்தால் குணப்படுத்தலாம் என்பதை மக்கள் நம்பும்படி செய்வதற்கே பல ஆண்டுகள் தேவைப்பட்டன.

இன்று நாம் வாழும் நாட்டில் நிலைமை வேறு. டென்மார்க்கில் மார்பகப் புற்றுநோய் என்று அறியப்பட்ட பெண்களில் பத்துப்பேரில் ஏறத்தாழ ஒன்பதுபேர் ஐந்தாண்டுகளைக் கடந்தும் வாழ்கின்றனர். செய்வதற்கு நிறைய உண்டு. அவற்றைச் செய்வதா வேண்டாமா என்று முடிவெடுக்க வேண்டியவர் நோயாளி. ஊரின் பழைய நிலைமைக்கு ஏற்ற மௌனத்தை இங்கும் தொடர்வது பொருந்தாது.

மௌனத்தோடு காத்திருப்பது எத்தகையது என்பதை டென்மார்க்கில் வாழும் தமிழரைவிட நன்கு அறிந்தவர் எவரும் இலர். அந்த வரலாற்றை இளைய தலைமுறைக்காக இங்கு சுருக்கமாக நினைவூட்டுகிறோம். 1983ஆம் ஆண்டின் வெளிநாட்டவர் சட்டம், அகதியாக ஏற்கப்பட்டவருக்குத் தம் குடும்பத்தை அழைக்கும் உரிமையை வழங்கியிருந்தது. ஆயினும் 1987இல் அப்போதைய நீதி அமைச்சர் எரிக் நின்-ஹன்சன், தமிழ் அகதிகளின் குடும்ப இணைவு விண்ணப்பங்களை முடிவெடுக்காமல் ஒதுக்கி வைக்கச் செய்தார். விண்ணப்பித்தவர்களுக்கு மறுப்பும் வரவில்லை, ஏற்பும் வரவில்லை. தபாற்காரரை எதிர்பார்த்து நாட்கள் கழிந்தன. மறுபுறத்தில் மனைவியரும் குழந்தைகளும் குண்டுவீச்சுக்கு நடுவே இருந்தனர். 1989இல் பிரதமர் போல் ஷ்லூட்டர், கம்பளத்தின் கீழ் எதுவும் தள்ளப்படவில்லை என்று பாராளுமன்றத்தில் கூறினார். விசாரணை அறிக்கை வெளியானதும் 1993 ஜனவரியில் அவரது அரசாங்கமே பதவி விலகியது. 1995 ஜூன் 22ஆம் திகதி, அமைச்சர்களை விசாரிக்கும் உயர் நீதிமன்றம் நின்-ஹன்சனைக் குற்றவாளி எனத் தீர்ப்பளித்து, ஒத்திவைக்கப்பட்ட நான்கு மாதச் சிறைத்தண்டனை விதித்தது.

அந்நாட்களைக் கடந்தவர்களோடு நாம் உரையாடியபோதெல்லாம் ஒன்றையே கேட்டோம். காலம் நீண்டதைவிட, என்ன நடக்கிறது என்று எவரும் சொல்லாததே தம்மை வாட்டியதாக அவர்கள் கூறினர். “மறுத்திருந்தால்கூட வேறு வழி பாத்திருப்பம்” என்றார் ஒருவர். தமது வாழ்க்கையைப் பற்றிய ஒரு முடிவு யாரோ ஒருவரின் மேசையில் கிடக்க, தமக்கு மட்டும் அது சொல்லப்படாதிருந்ததை அவர்கள் இன்றுவரை மன்னிக்கவில்லை. அது நியாயமானதே. ஆனால் அதே நாம், எமது வீட்டில் நோயுற்றிருப்பவரின் வாழ்க்கையைப் பற்றிய முடிவை அவருக்குச் சொல்லாமல் எமது மேசையில் வைத்திருக்கலாமா? இரண்டுக்கும் நோக்கம் வேறு என்பது உண்மை. ஆனால் அறியாதிருப்பவர் படும் வேதனை ஒன்றே.

அறியாமை எவ்வளவு வதைக்கும் என்பதற்கு ஆய்வும் சான்று தருகிறது. அமெரிக்காவின் பொஸ்ரன் நகரில், மார்பிலிருந்து இழையம் எடுக்கப்பட்ட 126 பெண்களை அதன் பின்னர் ஐந்து நாட்கள் அவதானித்த வைத்தியர்கள் 2009ஆம் ஆண்டில் தமது ஆய்வை வெளியிட்டனர். மன அழுத்தத்தைக் காட்டும் கோட்டிசோல் என்ற சுரப்பை அப்பெண்களின் உமிழ்நீரில் அளந்தனர். முடிவு இன்னும் உறுதியாகாதிருந்த பெண்களின் நிலை, புற்றுநோய் என்று அறிந்துவிட்ட பெண்களின் நிலையை ஒத்தே இருந்தது. அதாவது தெரியாமலிருப்பது உடலுக்கு ஓய்வு தரவில்லை. அம்மாவுக்குச் சொல்லாவிட்டால் அவர் நிம்மதியாக இருப்பார் என்ற எமது எண்ணத்துக்கு இது நேர்மாறானது.

அவ்வாறாயின் அந்த நாட்களில் உண்மையில் என்ன நடைபெறுகிறது? இதைத் தெரிந்துகொண்டாலே அச்சம் ஓரளவு குறையும் என்பது எமது அனுபவம். உடலிலிருந்து எடுத்த இழையம் உடனே நுணுக்குக்காட்டியின் கீழ் வைக்கப்படுவதில்லை. முதலில் அது அழுகாதிருக்கவும் உருமாறாதிருக்கவும் போமலின் திரவத்தில் மணிக்கணக்கில் ஊறவேண்டும். பின்னர் அதிலுள்ள நீர் அற்ககோல் கொண்டு படிப்படியாக அகற்றப்படும். அதன்பின் மெழுகில் பதிக்கப்பட்டு, ஒரு மில்லிமீற்றரில் சில ஆயிரத்திலொரு பங்கு தடிப்புள்ள சீவல்களாக வெட்டப்படும். அச்சீவல்களுக்குச் சாயம் ஊட்டப்படும். அச்சாயங்களில் ஒன்றான ஹீமற்றொக்சிலின் இன்றும் ஒரு மரத்தின் வைரத்திலிருந்தே பெறப்படுவது. இவ்வளவுக்கும் பின்னரே நோயியல் நிபுணர் அதனைப் பார்க்கிறார். அவர் பார்த்ததும் வேறு சாயங்கள் தேவை என்று கருதினால் மேலும் சில நாட்கள் செல்லும். மார்பகப் புற்றுநோயாயின், அது எந்த ஓமோனுக்கு இசைகிறது, எந்த மருந்துக்குக் கட்டுப்படும் என்பவற்றையும் அறிய வேண்டியிருக்கும். அதன்பின் பல துறை வைத்தியர்கள் கூடி ஆராய்ந்த பின்னரே நோயாளி அழைக்கப்படுவது வழக்கம்.

இதனை விரிவாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. “இன்னும் கூப்பிடேல்லை, அப்ப ஏதோ இருக்கு” என்று ஒரு சாராரும், “கெதியாக் கூப்பிட்டிட்டினம், அப்ப ஏதோ இருக்கு” என்று மற்றொரு சாராரும் எம்மிடையே குறி சொல்கின்றனர். தாமதத்திலும் விரைவிலும் குறி பார்க்க ஒன்றுமில்லை. மெழுகும் சாயமும் தமக்குரிய நேரத்தை எடுத்துக்கொள்கின்றன. அதுபோலவே, மார்பகப் பரிசோதனைக்கும் குடற் பரிசோதனைக்கும் இந்நாட்டில் குறித்த வயதினர் யாவரும் அழைக்கப்படுகின்றனர். அதன்பின் மீண்டும் ஒருமுறை வாருங்கள் என்று கடிதம் வந்தால் அது தீர்ப்பு அன்று. அவ்வாறு மீண்டும் அழைக்கப்படுவோரிற் பெரும்பாலோருக்குப் புற்றுநோய் இருப்பதில்லை. அஞ்சி அக்கடிதத்தைத் திறவாதிருப்பதே ஆபத்து. 2014 நவம்பர் முதல் அரச கடிதங்கள் பெரும்பாலும் மின்னஞ்சற் பெட்டிக்கே வருவதால், பிள்ளைகள் திறந்து காட்டாவிட்டால் அவற்றைக் காணாத முதியோரும் எம்மிடையே உளர்.

காத்திருப்பவர் கேட்டுப் பெறத்தக்க இன்னொன்று திகதி. 2007ஆம் ஆண்டு ஒக்ரோபரில், புற்றுநோயை அவசர நோயாகவே நடத்த வேண்டும் என்று டெனிஷ் அரசாங்கமும் பிராந்தியங்களும் உடன்பட்டன. அதன்படி 2008 முதல் ஒவ்வொரு வகைப் புற்றுநோய்க்கும் எந்தப் பரிசோதனை எத்தனை நாளுக்குள் நடைபெற வேண்டும் என்ற ஒழுங்கு வகுக்கப்பட்டது. ‘கிரெஃப்ட்பக்க’ என்று டெனிஷ் மொழியில் அழைக்கப்படுவது இதுவே. அதனோடு, பரிசோதனை தொடங்குவதற்கு 14 நாட்கள், நோயாளி சம்மதம் அளித்தபின் சிகிச்சை தொடங்குவதற்கு 14 நாட்கள் என்ற உச்ச எல்லைகளும் உள்ளன. அவ்வைத்தியசாலையால் இயலாவிட்டால் வேறிடத்தில் ஒழுங்கு செய்து தரவேண்டும். ஆயினும் சட்டம் இருப்பதனால் மட்டும் எல்லாம் நடந்துவிடுவதில்லை. ஆர்ஹூஸ் பல்கலைக்கழக வைத்தியசாலையில் குடற் புற்றுநோயாளர் பலர் இவ்வெல்லையைக் கடந்தும் சத்திரசிகிச்சைக்குக் காத்திருக்க வைக்கப்பட்டிருந்தமை 2023இல் வெளிப்பட்டது. வேறிடத்துக்குப் போகும் உரிமை தமக்கு உண்டு என்பது அவர்களிற் பலருக்குச் சொல்லப்பட்டிருக்கவில்லை. டெனிஷ் மொழியைத் தாய்மொழியாகக் கொண்டோருக்கே இந்நிலையென்றால், நாம் எவ்வளவு விழிப்பாக இருக்க வேண்டும்! பரிசோதனை முடிந்து எழும்போதே மூன்று கேள்விகளைக் கேட்க வேண்டும். முடிவு எந்தத் திகதியில் தெரியவரும்? யார், எவ்வாறு அறிவிப்பார்? அந்தத் திகதி கடந்தால் யாரைத் தொலைபேசியில் அழைக்கலாம்? விடைகளை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். எல்லை தெரிந்த காத்திருப்பைத் தாங்கிக்கொள்வது எளிது.

முகாம்களில் வாழும் விண்ணப்பதாரர்கள் இவ்விடத்தில் தமக்கு இது பொருந்துமா என்று கேட்கக்கூடும். அவர்கள் பொதுச் சுகாதாரக் காப்பீட்டுக்குள் அடங்குவதில்லை; அவர்களது வைத்தியச் செலவைக் குடிவரவுத் திணைக்களம் ஏற்கிறது. வளர்ந்தோருக்கு அவசியமான, அவசரமான, வலி தணிக்கும் சிகிச்சைகள் உண்டு. முகாமின் தாதியிடம் முதலிற் சொல்லவேண்டும். சொன்னதன் பிரதியை வைத்திருக்கவேண்டும். நோயைச் சொன்னால் விண்ணப்பம் பாதிக்கப்படும் என்று அஞ்சிக் கட்டியை மறைத்து வைப்போர் உண்டு என்று கேள்விப்படுகிறோம். அவ்வாறு செய்யலாகாது. வைத்தியருக்கும் தாதிக்கும் இரகசியம் காக்கும் கடமை உண்டு.

இனி மொழிபெயர்ப்பு. 2018 ஜூலை முதலாந் திகதி முதல், மூன்றாண்டுகளுக்கு மேல் இந்நாட்டில் வாழ்ந்தோரிடம் வைத்தியசாலை மொழிபெயர்ப்புக்குக் கட்டணம் அறவிடும் முறை கொண்டுவரப்பட்டது. கட்டணத்தை எண்ணிப் பிள்ளையை அழைத்துச் செல்வோர் பலர். 15 வயதுக்குட்பட்ட பிள்ளையை, அவசரநிலையும் மிகச் சாதாரண விடயமும் நீங்கலாக, மொழிபெயர்க்க வைக்கலாகாது என்பது இந்நாட்டின் விதி. வயது வந்த பிள்ளையாயினும் இத்தகைய நாளில் அதன்மேல் அச்சுமையை ஏற்றலாமா என்பதே எமது வினா. தாயின் நோயைத் தன் வாயால் தாய்க்குச் சொல்லவேண்டிய பிள்ளை, சொல்லைக் குறைத்தே சொல்லும். அது அன்பின் இயல்பு. பிள்ளை பிள்ளையாகவே அருகில் அமர்ந்து தாயின் கையைப் பிடித்துக்கொள்ளட்டும். சொற்களை வேறொருவர் கொண்டுவரட்டும். பணம் பெரிதுதான், ஆனால் பூப்புனித நீராட்டு விழா மண்டபத்துக்குக் கொடுப்பதில் ஒரு சிறு பகுதியே இது.

இதனை நாம் தூரத்தில் நின்று எழுதவில்லை. டோஸ்ட்ருப்பில் வாழும் எமது தமக்கையாரின் மார்பிலிருந்து சென்ற வாரம் இழையம் எடுக்கப்பட்டது. முடிவு செவ்வாய்க்கிழமை சொல்லப்படும் என்று திகதி தந்துள்ளனர். இதை எழுதும் வேளையில் அது தெரியாது. பரிசோதனைக்குச் செல்லும்முன் அவரது மகள் எம்மிடம் இரகசியமாக, “மாமா, என்ன சொன்னாலும் நான் அம்மாவுக்கு மாத்தித்தான் சொல்லுவன்” என்றாள். 22 வயதுப் பெண், பல்கலைக்கழகத்தில் படிப்பவள். பரிசோதனை முடிந்ததும் தாதி, முடிவு வரும்போது யாருக்குச் சொல்வது என்று கேட்டார். மகள் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் தமக்கையார் முந்திக்கொண்டு, தமக்குத் தெரிந்த டெனிஷ் மொழியில், “எனக்கு முதலில்” என்று இரண்டே சொற்களிற் சொல்லிவிட்டார். தொடருந்தில் திரும்பும்போது மகள் அழுதாள். அச்சத்தால் மட்டும் அழவில்லை. தான் சுமக்கவிருந்த பொய் இறங்கிவிட்டதாலும் அழுதாள் என்று பின்னர் எமக்குச் சொன்னாள்.

அன்று மாலையே தமக்கையார் சில ஒழுங்குகளைச் செய்தார். ஊரிலுள்ள எமது தாயாருக்கு முடிவு தெரிந்த பின்னர் தாமே சொல்வதாகக் கூறினார். கனடாவிலும் சுவிஸிலும் உள்ளவர்களுக்குச் செய்தி சொல்லும் பொறுப்பை எம்மிடம் தந்தார். எவரும் தம்மை அழைத்து “ஏதும் தெரிஞ்சுதோ” என்று கேட்கக் கூடாது என்றார். எவருக்கு, எப்பொழுது, எவ்வளவு சொல்வது என்பதை அவரே தீர்மானித்தார். நோயாளிக்கு உண்மையைச் சொல்வது என்பதன் பொருள் இதுவே: ஊரெல்லாம் சொல்வதன்று, சொல்லும் அதிகாரத்தை உரியவரிடம் கொடுப்பது.

எல்லோரும் இவ்வாறு துணிவுடையவர் அல்லர் என்று சிலர் கூறலாம். அது உண்மையே. எமக்குத் தெரிய வேண்டாம், பிள்ளைகளிடம் சொல்லுங்கள் என்று விரும்பும் முதியோரும் உளர். அவர்களது விருப்பத்துக்கும் இந்நாட்டுச் சட்டத்தில் இடமுண்டு. 1998இல் இயற்றப்பட்ட நோயாளர் உரிமைச் சட்டமும், இன்று அதன் இடத்திலுள்ள சுகாதாரச் சட்டமும், தம் நோயைப் பற்றி அறியும் உரிமையை நோயாளிக்கு அளிக்கின்றன. அறியாதிருக்கும் உரிமையையும் அவருக்கே அளிக்கின்றன. ஆனால் அந்த உரிமையைக் கணவனோ மகனோ அவருக்காகப் பயன்படுத்த முடியாது. ஆகவே ஊகிக்காமல் கேளுங்கள். முடிவு வந்தபின் கேட்பது காலம் தாழ்ந்த கேள்வி. காத்திருக்கும் நாட்களே அதைக் கேட்பதற்குரியவை. “வைத்தியர் சொல்லிறதெல்லாம் நேரடியாக் கேக்க விருப்பமோ, இல்லாட்டி நாங்கள் கேட்டுச் சொல்லவோ?” இந்த ஒரு கேள்வியில் மரியாதைக் குறைவு எதுவுமில்லை.

எஞ்சியுள்ளது பொழுதைக் கழிப்பது பற்றியது. கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் உளவியலாளர் கேற் சுவீனி, சட்டத்தரணிப் பரீட்சை எழுதிவிட்டு நான்கு மாதம் முடிவுக்காகக் காத்திருந்தோரை ஆராய்ந்தார். கவலைப்படாதிருக்க அவர்கள் கையாண்ட உத்திகள் பெரிதும் பயன் தரவில்லை. ஆனால் கவலையோடு காத்திருந்தோர், கெட்ட செய்தி வந்தபோது நன்கு சமாளித்தனர். நல்ல செய்தி வந்தபோது கூடுதலாக மகிழ்ந்தனர். மனத்தை முழுவதும் ஈர்க்கும் வேலையில் ஈடுபடுவதே காத்திருப்பைச் சற்று இலகுவாக்கும் என்பதும் அவரது பிற ஆய்வுகளின் முடிவு. ஆகவே “கவலைப்படாதே” என்று சொல்லிப் பயனில்லை. கவலைப்படுபவருக்கு வேலை கொடுங்கள். அவரிடமிருந்து அகப்பையைப் பறித்து ஓய்வெடு என்று கட்டிலில் இருத்தாதீர்கள். தைப்பவர் தைக்கட்டும், தோட்டம் கொத்துபவர் கொத்தட்டும், வேலைக்குப் போகக்கூடியவர் போகட்டும்.

ஹேர்னிங் சித்திவிநாயகருக்கும் பிரான்ட அபிராமிக்கும் நேர்த்தி வைப்போர் வைக்கட்டும்; மடுமாதாவை நினைந்து மெழுகுதிரி ஏற்றுவோர் ஏற்றட்டும். அது மனத்துக்கு வலு. ஆனால் சாத்திரியார் சொன்ன திகதியை நம்பி வைத்தியர் தந்த திகதியைத் தவறவிடலாகாது. “ஒண்டும் இராது” என்று உறுதி கூறும் உறவினரும், தெரிந்தவருக்கு நேர்ந்ததை விவரிக்கும் நண்பரும் சற்று விலகியிருப்பது நலம். சாப்பாடு கொண்டுவந்து வைத்துவிட்டு, கேள்வி கேட்காமல் அரை மணித்தியாலம் அருகில் இருந்துவிட்டுப் போகும் அயலவரே இந்நாட்களில் உண்மையான துணை. பேசுவதற்கு எவரும் இல்லாதோர், 1928 முதல் இயங்கிவரும் டெனிஷ் புற்றுநோய்ச் சங்கத்தின் ஆலோசனைச் சேவையை நாடலாம். அது இலவசமானது, நோயாளிக்கு மட்டுமன்றி உறவினருக்கும் உரியது, பெயர் சொல்ல வேண்டியதில்லை.

எமது கலாசாரத்தில் பெரியோரைக் காப்பது கடமை என்று கற்றோம். அக்கடமையை நாம் கைவிடச் சொல்லவில்லை. ஒருவரைக் காப்பது என்பது அவரைச் சிறுபிள்ளையாக்குவதன்று. யுத்தத்தையும் கடலையும் எல்லைகளையும் கடந்து எம்மை இங்கு கொண்டுவந்து சேர்த்த தாயும் தந்தையும், ஒரு வைத்தியர் சொல்லும் ஒரு வசனத்தைத் தாங்கமாட்டார்கள் என்று நாம் எதை வைத்துக் கூறுகிறோம்? அவர்கள் தாங்குவர். தாங்கும்போது தனித்திருக்க விடாமல் பார்த்துக்கொள்வதே பிள்ளைகளின் பங்கு. இன்று எந்த வீட்டில் ஒரு முடிவுக்காகக் காத்திருக்கிறார்களோ, அவ்வீட்டார் இன்றிரவே நோயாளியின் அருகில் அமர்ந்து, அவருக்கு என்ன தெரிய வேண்டும் என்று அவரையே கேட்கும்படி வேண்டுகிறோம்.